ஸ்டிக்கர் பிரிக்கும் உரிமை

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்துவிட்டு அரியலூரில் வேலைக்குக் காத்திருந்த நான், ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூருக்குப் பஸ் ஏறி, அங்கே ஒரு பெண்கள் பள்ளியின் கம்ப்யூட்டர் அறைக்குப் போனேன். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன்.
2. ஆறு வாரம் ஒரு வரியையும் மாற்றாமல், அங்கிருந்த புரோகிராமின் பிழைகளைக் கண்டு எழுதிக் கொடுத்தேன்.
3. பிறகு பிழைகளைத் திருத்தத் தொடங்கினேன். என் திருத்தங்களில் மூன்றை ஏற்றுக்கொண்டார்கள்.
4. மூன்றாவது திருத்தத்தோடு, மூல ஃபிளாப்பியின் ஸ்டிக்கரைப் பிரிக்கும் உரிமை கிடைத்தது.
5. அதே மூன்றாவது திருத்தத்தால் ஆண்டிமடத்தில் ஒரு கணக்கு டீச்சர் தினமும் வகுப்புக்குத் தாமதமாகப் போக நேர்ந்தது.
6. உரிமையைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஆறு வரியில் எழுதினால் ஆறு நாளில் நடந்ததுபோல் இருக்கிறது. முதல் வரிக்கும் கடைசி வரிக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு வருஷம். அந்த ஒரு வருஷமும் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, அந்த ஸ்டிக்கர்.

அந்தப் பள்ளிக்கு அரசாங்கத் திட்டம் ஒன்றில் இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்திருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இயற்பியல் டீச்சருக்கு. என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதெல்லாம் நான்கு பேர் மூன்று நாள் உட்கார்ந்து, எந்த வகுப்புக்கு எந்தப் பாடவேளையில் யார் போவது என்று அட்டைகளை நகர்த்தி நகர்த்திச் சண்டை போடுவதை அவர் பார்த்திருக்கிறார். அந்தக் கால அட்டவணையைப் போட பேசிக் மொழியில் ஒரு புரோகிராம் எழுதினார். ஆசிரியர்களுக்கு எண் கொடுத்து, யாருக்கு எந்த வகுப்பில் வாரத்துக்கு எத்தனை பாடவேளை என்று சொன்னால், அது கட்டங்களை நிரப்பித் தரும்.

அதை அவர் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. புரோகிராமை ஓட்டியதும் திரையில் முதலில் வருவது மூன்று வரி அறிவிப்பு: எடுத்துக்கொள்ளுங்கள், தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள், மாற்றியதில் ஒரு பிரதி எங்களுக்கும் கொடுங்கள். கம்ப்யூட்டர் உள்ள பள்ளிகள் பிரதி எடுத்துப் போயின. இல்லாத பள்ளிகள் ஆசிரியர் பட்டியலைத் தபாலில் அனுப்பும். அட்டவணை அச்சாகித் தபாலில் போகும்.

டீச்சரோடு இந்த வேலையில் இருந்த இன்னொருவர் எறையூர் சர்க்கரை ஆலையில் மீட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன். ஷிஃப்ட் இல்லாத ஞாயிறுகளில் வருவார். கரும்பு அரவை நாட்களில் அவர் சட்டையில் மொலாசஸ் வாடை, அதாவது கரும்புக் கழிவுப்பாகின் வாடை, அடிக்கும். அவர் வந்துவிட்டாரா என்று கதவைத் திறக்காமலே சொல்லிவிடலாம்.

ஸ்டிக்கர் விஷயம் இது. புரோகிராமைப் பதிந்து வைக்கும் கறுப்பு வட்டான ஃபிளாப்பியின் ஓரத்தில் சின்னச் சதுரமாக ஒரு வெட்டு இருக்கும். அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் கம்ப்யூட்டர் அதிலிருந்து படிக்கும், அதன்மேல் எழுதாது. பிரித்தால்தான் எழுதும். பிரதிகளில் யாரும் எதையும் எழுதிக்கொள்ளலாம். மூலப் பிரதி ஒன்றுதான், அதன் ஸ்டிக்கரைப் பிரிக்க டீச்சருக்கும் அண்ணனுக்கும் மட்டுமே உரிமை. மூன்று திருத்தங்கள் ஏற்கப்பட்டால் வேறு யாருக்கும் அது கிடைக்கும் என்று சுவரில் எழுதி ஒட்டியிருந்தார்கள். மூன்றாவது ஆள் அதுவரை வரவில்லை. வந்தவர்கள் எல்லாம் ஒரு மாதத்தில் நின்றுவிட்டார்கள்.

ஏன் நின்றுவிட்டார்கள் என்பது எனக்கு முதல் நாளே தெரிந்தது. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போய் நின்றேன்.

"என்னம்மா படிச்சிருக்க?" என்றார் டீச்சர்.

"எலெக்ட்ரானிக்ஸ்ங்க டீச்சர். பேசிக்கும் தெரியும்."

"தெரியுமில்ல? நல்லதாப் போச்சு. அந்த பெஞ்சில உக்காந்து பாரு."

"எதைப் பாக்குறதுங்க?"

"எங்கெங்க தப்புப் பண்ணுதுன்னு பாரு. பாத்து எழுதிக் குடு."

அண்ணன் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "மூஞ்சி தொங்கிப்போச்சு பாருங்க டீச்சர். தங்கச்சி, பாய்லர் மீட்டரையே நம்பி எங்கிட்ட விட்டுருக்கான் மில்லுல. இந்த ரூமுல என்னைய ரெண்டு மாசம் அதே பெஞ்சிலதான் வெச்சிருந்தாங்க. பெஞ்சு நல்ல பெஞ்சுதான், உக்காரு."

எழுதிக் கொடுப்பதற்குப் பெயர் பிழைச் சீட்டு. பழைய விடைத்தாளின் பின்பக்கத்தில் நான்கு கட்டம். நான் என்ன செய்தேன், என்ன வரும் என்று எதிர்பார்த்தேன், என்ன வந்தது, மறுபடி செய்தால் மறுபடி வருகிறதா. என் முதல் சீட்டில் 'எட்டாம் வகுப்பு அட்டவணை சரியில்லை' என்று எழுதியிருந்தேன். டீச்சர் அதை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

அண்ணன் எட்டிப் பார்த்தார். "டாக்டருகிட்டப் போயி 'சரியில்ல'ன்னு மட்டும் சொல்லிட்டு உக்காந்தா அவரு எங்க ஊசி போடுவாரு?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அரியலூர் திரும்பும் பஸ்ஸில் இனிப் போவதில்லை என்று முடிவு செய்தேன். அடுத்த ஞாயிறு போனேன். ஏன் போனேன் என்று இப்போது யோசித்தால், பட்டியல் போடுவது எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்கும். நான்கு கட்டத்தையும் ஒழுங்காக நிரப்பிக் காட்ட வேண்டும்போல் இருந்தது. ஆறு வாரத்தில் பதினொரு சீட்டு எழுதினேன். எட்டாவது சீட்டை வாசித்துவிட்டு டீச்சர் தன் டிபன் பாக்ஸைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார். எலுமிச்சை சோறு. அன்றிலிருந்து மூன்று பேருக்கும் சேர்த்துக் கொண்டுவருவார்.

திருத்தங்களுக்கு வருகிறேன். அரியலூரில் எனக்குக் கம்ப்யூட்டர் ஏது? காலையில் டைப்ரைட்டிங் வகுப்பு எடுக்கும் இடத்தில் மதியம் ஆள் இருக்காது. அங்கே உட்கார்ந்து புரோகிராமைத் தாளில் எழுதுவேன். கையாலேயே கணக்குப் போட்டு ஓட்டிப் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூரில் டைப் செய்து பார்த்தால் பாதி ஓடாது. மறுபடி தாள்.

முதல் திருத்தம்: ஒரே மைதானம் உள்ள பள்ளியில் ஒரே நேரத்தில் மூன்று வகுப்புக்கு விளையாட்டு வேளை போட்டுக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன். இரண்டாவது: நீளமான பாடப் பெயர்கள் அடுத்த கட்டத்துக்குள் போய் விழுந்தன. அதையும் சரி செய்தேன். இரண்டும் ஏற்கப்பட்டன. இன்னும் ஒன்றுதான் பாக்கி என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லாத மாதங்கள் அவை.

மூன்றாவதற்கு நானே ஒரு பெரிய வேலையைத் தேர்ந்தெடுத்தேன். ஒரு பள்ளிக்கு அட்டவணை போட அது ஐம்பது நிமிஷம் எடுத்துக்கொள்ளும். நடுவில் கரண்டு போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். கோடையில் ஐம்பது நிமிஷம் தொடர்ந்து கரண்டு இருப்பது அபூர்வம். அதனால், ஒவ்வொரு கட்டத்துக்கும் திரும்பத் திரும்ப ஓடும் பகுதியை மட்டும் அச்செடுத்துப் போய், வரிவரியாக வாசித்து, வேண்டாத நான்கு வரிகளைக் கண்டுபிடித்தேன். அதில் ஒன்று 1340.

1340-ஆம் வரி சொன்னது இவ்வளவுதான்: ஆசிரியரின் எண் அறுபதுக்கு மேல் இருந்தால் அவருக்கு முதல் பாடவேளை கொடுக்காதே. நாங்கள் அட்டவணை போடும் எந்தப் பள்ளியிலும் அறுபது ஆசிரியர்கள் கிடையாது. அதிகபட்சம் நாற்பத்திரண்டு. ஆகவே அந்த நிபந்தனை ஒருபோதும் பலிக்காது. பலிக்காத ஒன்றை ஒவ்வொரு கட்டத்துக்கும் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது. அடித்துவிட்டேன். தர்க்கத்தில் எந்தக் குறையும் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

திருத்தத்தை எழுதியவர் தவிர இன்னொருவர் ஓட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது வழக்கம். டீச்சர் அப்போது பரீட்சைத் தாள் திருத்தத் திருச்சி போயிருந்தார். அண்ணன் பெரம்பலூர் பள்ளியின் பட்டியலை வைத்து ஓட்டினார். நாற்பது நிமிஷத்துக்குள் முடிந்தது. பழைய அட்டவணையும் புதியதும் கட்டத்துக்குக் கட்டம் ஒன்றாக இருந்தன.

"பத்து நிமிஷத்த எங்கேருந்து புடுங்குன?" என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்.

டீச்சர் திரும்பி வந்ததும் சீட்டை வாசித்தார். 'வேண்டாத நான்கு வரிகள் நீக்கம். நேரம் குறைந்தது.' எந்த வரிகள் என்று அவர் கேட்கவில்லை. மூல ஃபிளாப்பியை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"இனிமே எங்கிட்டக் கேக்க வேணாம். நீயே பிரிக்கலாம்."

ஓரத்தில் நகத்தை வைத்து மெதுவாகப் பிரித்தேன். அண்ணன் கைதட்டினார். புரோகிராமின் இரண்டாவது வரியில், இரண்டு பேரின் முதலெழுத்துகளுக்குப் பக்கத்தில் என் முதலெழுத்தையும் டைப் செய்தேன். வீட்டில் சொன்னேன். அம்மா, "அது சர்க்கார் வேலையா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப சரி" என்றார். எதற்கு அப்ப சரி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் கேசரி கிளறினார்.

ஜூன் மாதம் எல்லாப் பள்ளிகளுக்கும் அட்டவணை போனது. ஜூலை முதல் வாரத்தில் ஓர் இன்லேண்டு கடிதம் வந்தது. ஆண்டிமடத்தில் உள்ள ஒரு பள்ளியின் கணக்கு டீச்சர் எழுதியிருந்தார். அண்ணன் உரக்க வாசித்தார்.

"நான் ஜெயங்கொண்டம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருகிறேன். முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் முதல் மணி அடித்துப் பத்து நிமிஷம் கழித்துத்தான் வந்து சேர முடியும். இரண்டு வருஷமாக உங்கள் கம்ப்யூட்டர் அதைப் புரிந்துகொண்டு எனக்கு முதல் பீரியடு தராமல் இருந்தது. இந்த வருஷம் ஐந்து நாளும் முதல் பீரியடே தந்திருக்கிறது. மூன்று தாமதத்துக்கு அரை நாள் லீவு போய்விடும். மாற்றிக் கொடுங்கள் என்றால், கம்ப்யூட்டர் போட்டதை மாற்றக் கூடாது என்கிறார்கள் எங்கள் தலைமையாசிரியை. அதற்கு என்மேல் என்ன கோபம் என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன்."

அண்ணன் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. "ஆயிரத்து முந்நூத்து நாப்பது இருக்கான்னு பாரு" என்றார்.

"அதை எடுத்துட்டேனே டீச்சர். அறுபது பேரு எந்த ஸ்கூல்லயும் இல்லியேன்னு..."

"எந்த ஸ்கூல்லயும் இல்லதான்." அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "பஸ்ஸுல லேட்டா வர்றவங்க நம்பரோட அறுபதக் கூட்டிப் போடுவேன். இந்த வருஷம் அப்படி அவங்க ஒருத்தருதான், ஏழாம் நம்பரு. அறுபத்தேழுன்னு குடுப்பேன். அச்சடிக்கிற எடத்துல மறுபடி அறுபதக் கழிச்சுக்கும்."

அச்சடிக்கும் பகுதியை நான் வாசித்திருக்கவே இல்லை. பெரம்பலூர் பள்ளியில் எல்லோரும் ஊருக்குள்ளேயே குடியிருப்பவர்கள்; அதனால் அந்தப் பட்டியலை வைத்து ஓட்டிய அண்ணனுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆசிரியர் பட்டியலை டைப் செய்வது எப்போதும் டீச்சர்தான். அறுபது அவருக்கு மட்டும் தெரியும். அதைப் புரோகிராமுக்குள்ளேயே குறிப்பாக எழுதி வைத்திருக்கலாம். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரின் நினைவில் இடம் குறைவு. குறிப்பு எழுதினால் கட்டங்களுக்கு இடம் போதாது.

நான் மூல ஃபிளாப்பியை எடுத்தேன். 1340-ஐத் திரும்ப எழுதினேன். ஆண்டிமடம் பள்ளிக்கு மறுபடி ஓட்டினேன். நடுவில் ஒரு தடவை கரண்டு போனது, மறுபடி முதலிலிருந்து. முடிந்ததும் புது ஸ்டிக்கர் ஒன்றை வெட்டின்மேல் ஒட்டி, ஃபிளாப்பியை டீச்சர் மேஜையில் வைத்தேன்.

"எனக்கு இந்த உரிமை வேணாங்க டீச்சர்."

"ஏன் தங்கச்சி, நானுந்தான் கையெழுத்துப் போட்டேன். நானும் எழுந்து போவணுமா?" என்றார் அண்ணன்.

"நீங்க ஓட்டிப் பாத்தீங்க அண்ணே. அடிச்சது நான்."

டீச்சர் ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்தார். என்னைச் சமாதானப்படுத்துவார் என்று எதிர்பார்த்தேன். "கோணையா ஒட்டியிருக்க" என்றார். பிறகு, "தபால்ல அனுப்புனா இன்னும் மூணு நாளு ஆவும். நாளைக்கு நீயே கொண்டுபோயிக் குடு" என்றார்.

மறுநாள் அரியலூரிலிருந்து முதல் பஸ். ஜெயங்கொண்டத்தில் இறங்கி ஆண்டிமடம் பஸ்ஸில் ஏறினேன். வழியில் ஒரு நிறுத்தத்தில் ஒரு பெண் ஏறினார். கையில் கூடை, கூடைக்குள் கணக்கு நோட்டுகள். ஆண்டிமடத்தில் பஸ் முழுதாக நிற்பதற்கு முன்பே இறங்கி, புடவைக் கொசுவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நடையும் இல்லாமல் ஓட்டமும் இல்லாமல் போனார். நான் பின்னாலேயே போனேன். பள்ளி வாசலை அடைந்தபோது மணி அடித்து ஓய்ந்திருந்தது. பத்தாம் வகுப்பின் சத்தம் தெருவரை கேட்டது. அவர் தலைமையாசிரியை அறையில் கையெழுத்துப் போட, பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு குறி விழுந்ததை வாசலில் நின்று பார்த்தேன். தாளில் நான் அடித்த ஒரு வரி இதைத்தான் செய்துகொண்டிருந்தது.

தலைமையாசிரியை புது அட்டவணையை வாங்கிப் பார்த்தார். "போன தாளும் கம்ப்யூட்டரு போட்டதுன்னீங்க. இதுவும் கம்ப்யூட்டரு போட்டதுங்கிறீங்க. நான் எதைம்மா நம்புறது?"

"தப்புப் பண்ணினது கம்ப்யூட்டர் இல்லைங்க. நான்தான். ஒரு வரியை வேணாம்னு நெனச்சு எடுத்துட்டேன்."

அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "மனுசங்க பண்ணுன தப்புன்னா மாத்திக்கலாம்" என்று பழைய தாளைக் கிழித்தார். சிவப்புக் குறிகளை என்ன செய்வது என்று நான் கேட்டேன். அது தன் பாடு என்றார். அவற்றை அடித்துச் சுருக்கொப்பம் போட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இடைவேளையில் கணக்கு டீச்சர் என்னைத் தேடி வந்தார். "நீங்கதானா அது? மீசை வெச்ச ஆளா இருக்கும்னு நெனச்சு ரெண்டு வாரமாத் திட்டிக்கிட்டு இருக்கேன். எல்லாத் திட்டும் வீணாப் போச்சே."

மன்னிப்புக் கேட்டேன். அதை அவர் காதில் வாங்கவில்லை. அவருக்குச் சொல்ல வேறு விஷயங்கள் இருந்தன. சந்தை நாளில் பஸ்ஸில் ஏறவே முடியாது, அன்றைக்கு இரண்டாவது பாடவேளையும் சந்தேகம்தான். ஒரே வகுப்புக்குக் கணக்கும் அறிவியலும் எப்போதும் சாப்பாட்டுக்குப் பிறகே விழுகின்றன, பிள்ளைகள் தூங்கிவழிகிறார்கள். நான் விடைத்தாளின் பின்பக்கத்தில் நான்கு கட்டம் போட்டுக் கொடுத்தேன். நின்றபடியே எழுதினார். என் முதல் சீட்டைவிட, ஏன், பதினொன்றாவது சீட்டைவிட அது தெளிவாக இருந்தது.

அடுத்த ஞாயிறு பெரம்பலூரில் வாக்குவாதம். எடுத்த வரியைத் திரும்ப வைத்ததையே மூன்றாவது திருத்தமாக எண்ணிக்கொள்ளலாம் என்றார் அண்ணன்.

"வூட்டுச் செவுத்த இடிச்சுட்டுத் திரும்பக் கட்டுனா, வூடு கட்டுனதாக் கணக்கா?" என்றார் டீச்சர்.

"ஏங்க, இடிச்சவங்க எத்தன பேரு திரும்பக் கட்டுறாங்க?"

எனக்கும் டீச்சர் சொன்னதே சரியென்று பட்டது. ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார், அண்ணனையும் என்னையும் பார்க்காமல், விசிறியைப் பார்த்துக்கொண்டு. "அறுபத என் தலைக்குள்ள வெச்சிருந்தது என் தப்பு. இன்னும் என்னென்ன இருக்குன்னு எனக்கே தெரியல. எல்லாத்தையும் கேட்டு எழுதுறியா?"

எழுதினேன். அதற்குக் காரண நோட்டு என்று பெயர் வைத்தோம். புரோகிராமில் இடமில்லாததால் நீளமான ஒரு நோட்டில், இடப்பக்கம் வரி எண், வலப்பக்கம் அந்த வரி எதற்கு என்பது. டீச்சருக்கு நினைவு வராத இடங்களில் அந்தந்தப் பள்ளிக்கே கடிதம் போட்டுக் கேட்டேன். பூலாம்பாடியில் ஒரு டிராயிங் சாருக்கு வெள்ளிக்கிழமை மதியம் எப்போதும் காலியாக விடும் ஒரு வரி இருந்தது. ஏனென்று டீச்சருக்கு நினைவில்லை. எழுதிக் கேட்டேன். தொழுகைக்குப் போய்வரும் நேரம் அது என்று சார் பதில் போட்டார். இத்தனை நாள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிராமல் போனதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரியாமல் இருந்ததாகவும், இனி எனக்குச் சொல்வதாகவும் எழுதியிருந்தார். எனக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பதில் எழுதினேன். உண்மையில், அந்த வரியை மட்டும் அன்றைக்கு நான் பார்த்திருந்தால் அதையும் அடித்திருப்பேன்.

நோட்டு முடிய நான்கு மாதம் ஆனது. தீபாவளிக்கு முந்தின ஞாயிறு டீச்சர் அதை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். அண்ணன் கையெழுத்துப் போடுவதற்கு முன், இந்தத் தடவை நான்கு பள்ளிகளின் பட்டியலை வைத்து ஒவ்வொரு வரியையும் சோதித்தார். கரண்டு போனபோதெல்லாம் தலையில் அடித்துக்கொண்டார். மூன்றாவது திருத்தமாக அதை எழுதிக்கொண்டார்கள். புரோகிராமில் ஒரு எழுத்துகூட மாறாத திருத்தம்.

இப்போதைய நிலை இது. மூல ஃபிளாப்பியின் ஸ்டிக்கரைப் பிரிக்கும் உரிமை மூன்று பேருக்கு இருக்கிறது. நான் மூன்றாவது ஆள். ஃபிளாப்பியைப் பிரதி எடுப்பவர்களுக்குக் காரண நோட்டின் பிரதியும் சேர்த்தே தருகிறோம். நோட்டில் காரணம் எழுதாத திருத்தத்தை யாருடையதானாலும் ஏற்பதில்லை. டீச்சருடையது ஒன்றைப் போன மாதம் திருப்பிக் கொடுத்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு கணக்கு வருவதைத் தடுக்கும் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அதை எழுதிக்கொண்டிருப்பவர், ஞாயிறுகளில் பெரம்பலூர் வந்து பேசிக் கற்றுக்கொண்ட ஆண்டிமடம் கணக்கு டீச்சர். அவருக்கு இதுவரை இரண்டு திருத்தங்கள் ஏற்கப்பட்டிருக்கின்றன.